மாரியிலும் கோடையிலும் ஆற்றுநீர்: தரத்தை அளப்பதும் மாசு வரும் வழியைக் கண்டுபிடிப்பதும்

திருகோணமலை மாவட்டத்தில் மகாவலியைக் கடக்கும் கங்கைப் பாலத்தடியில் ஒரு போத்தல் தண்ணீர் மொண்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் ஒரு தாள் நிறைய இலக்கங்கள் வரும். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மகாவலித் தண்ணீர் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது. தண்ணீர் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது, மழை விட்டு எத்தனையாம் நாள், காலையா மத்தியானமா, கடல் ஏறும் நேரமா வற்றும் நேரமா, அன்றைக்கு ஆறு எவ்வளவு ஓடியது என்பவை தெரியாவிட்டால் அந்த இலக்கங்களுக்குப் பொருள் இல்லை. உயர்தர மாணவர்களின் செயற்றிட்டங்கள் முதல் பெரிய அறிக்கைகள் வரை அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். அளவீடு சரியாக இருக்கும், அளந்த சூழ்நிலை பதிவாகியிருக்காது.

ஒரு பாடசாலைக் குழுவோ கமக்காரர் அமைப்போ மீனவர் சங்கமோ தங்கள் ஆற்றை ஒரு வருடம் ஒழுங்காகக் கவனிக்க விரும்பினால் எங்கே தொடங்குவது, எதை அளப்பது, எங்கே தவறு நேரும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி நம்மிடம் வந்து சேரும்போது ஏற்கெனவே பல ஊர்களின் கதையைச் சுமந்துதான் வருகிறது. மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளும் மரக்கறித் தோட்டங்களும், கண்டி நகரின் கழிவுநீர், கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல போன்ற நீர்த்தேக்கங்கள், பொலன்னறுவையின் வயல்கள், வில்லு என்று சொல்லப்படும் வெள்ளச் சதுப்பு நிலங்கள், இவை எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் அது கொட்டியாரக் குடாவை அடைகிறது. ஒரு பெருங்கிளை வெருகலாறாகப் பிரிந்து தெற்கே ஈச்சிலம்பற்றுப் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. இன்னொரு பக்கம் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் கந்தளாய், தம்பலகாமம் வயல்களுக்குப் பாய்ந்து, மிஞ்சியது வடிகால்கள் வழியே தம்பலகாமக் குடாவில் விழுகிறது. வடக்கே யான் ஓயா புல்மோட்டைப் பக்கமாகக் கடலைச் சேர்கிறது.

இதிலே தொடக்கநிலையினர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். மகாவலியின் தலைப்பகுதிக்கோ வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்றாலும் மழை கிடைக்கிறது. கச்சான் காற்று வீசி, மூதூரில் நிலம் வெடித்துக் கிடக்கும் ஆனி மாதத்திலும் ஹற்றன் பக்கம் அடைமழை பெய்துகொண்டிருக்கலாம். அந்த மழை நம்மிடம் வருகிறதா இல்லையா என்பதை மேலேயுள்ள நீர்த்தேக்கங்களின் கதவுகளும் சிறுபோகத்துக்கு (கோடை நெற்போகம்) திருப்பப்படும் தண்ணீரின் அளவும் தீர்மானிக்கின்றன. ஆகவே திருகோணமலை மழைவீழ்ச்சிப் பதிவை மட்டும் பார்த்து "இது கோடை மாதிரி, இது மாரி மாதிரி" என்று பிரிப்பது யான் ஓயாவுக்குப் பெரும்பாலும் பொருந்தும், மகாவலிக்குப் பொருந்தாது. மகாவலிக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் பொலன்னறுவைப் பக்கத்து மனம்பிட்டியில் எடுக்கும் நீர்மட்ட அளவீட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

செறிவும் சுமையும்

இந்தத் துறையில் ஒரேயொரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்கலாம் என்றால், அது செறிவுக்கும் சுமைக்கும் உள்ள வித்தியாசம். ஒரு கைப்பிடி உப்பைச் செம்பிலே போட்டால் வாயில் வைக்க முடியாது, கிணற்றிலே போட்டால் தெரியவே தெரியாது. போட்ட உப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்பது செறிவு. ஒரு நாளில் மொத்தம் எத்தனை கிலோ கடந்துபோகிறது என்பது சுமை. கணக்கு எளிது: லீற்றருக்கு மில்லிகிராமில் உள்ள செறிவை, செக்கனுக்குக் கன மீற்றரில் உள்ள ஓட்டத்தால் பெருக்கி, மறுபடி 86.4ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று வரும்.

விளங்குவதற்காக இரண்டு கற்பனை நாட்களை எடுப்போம். கோடையில் ஆறு செக்கனுக்கு 5 கன மீற்றர் ஓடுகிறது, நைத்திரேற்று 2 மில்லிகிராம். சுமை 864 கிலோ. மாரியில் ஓட்டம் 200 கன மீற்றர், நைத்திரேற்று 0.8 மில்லிகிராம்தான். சுமையோ 13,824 கிலோ. செறிவை மட்டும் பார்ப்பவர் மாரியில் ஆறு சுத்தமாகிவிட்டது என்பார். குடாவில் பாசி பூப்பதைப் பார்த்துக் கவலைப்படும் மீனவருக்கு வேண்டியது இரண்டாவது இலக்கம். குளிக்கிறவருக்கும் குடிக்கிறவருக்கும் வேண்டியது முதலாவது. யாருக்காக அளக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளவேண்டும்.

மாசு வரும் வழியையும் இந்த வித்தியாசமே காட்டிக்கொடுக்கும். ஒரு குழாயிலிருந்தோ ஒரு வடிகானிலிருந்தோ நாள்தோறும் ஒரே அளவாக விழும் மாசு, ஆறு வற்றும்போது செறிவாகவும் ஆறு பெருகும்போது கரைந்து மறைந்தும் போகும். நாளுக்கு 100 கிலோ விழுகிறது என்று வையுங்கள். ஓட்டம் 2 கன மீற்றராக இருக்கையில் அது லீற்றருக்கு 0.58 மில்லிகிராம் கூட்டும், ஓட்டம் 100 ஆகும்போது 0.012கூடக் கூட்டாது. வயலிலும் மேய்ச்சல் தரையிலும் தெருவிலும் பரவிக்கிடக்கும் மாசு இதற்கு நேர்மாறானது. மழை வந்து அள்ளிக்கொண்டு வந்தால்தான் ஆற்றுக்கு வரும், ஆகவே ஓட்டம் கூடும்போது செறிவும் கூடும். ஒரு வருட அளவீடுகளை ஓட்டத்துக்கு எதிராக ஒரு வரைபுத்தாளில் புள்ளியிட்டுப் பாருங்கள். புள்ளிகள் கீழே சரிந்தால் குழாயைத் தேடுங்கள். மேலே ஏறினால் நிலத்தைத் தேடுங்கள். இரண்டு ஓரமும் உயர்ந்து நடு தாழ்ந்திருந்தால் இரண்டும் இருக்கின்றன.

வருடத்தை எப்படிப் பிரிப்பது

மாரி, கோடை என்று இரண்டாகப் பிரித்து இரண்டு முறை மாதிரி எடுத்தால் போதாது. வயல் வேலையோடு சேர்த்துப் பார்த்தால் வருடம் வேறு விதமாகப் பிரியும்.

மிக முக்கியமான தருணம் முதல் பெருமழை. மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த மாட்டுச் சாணம், தெருத் தூசி, வடிகானில் தேங்கிய கறுப்புச் சேறு எல்லாம் அந்த ஒரே மழையில் ஆற்றுக்கு வந்துவிடும். கலங்கலும் மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலை பற்றீரியாவும் வருடத்தின் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். இரண்டாவது, மூன்றாவது மழைக்கு அதே அளவு அழுக்கு வராது, எடுக்க மிச்சம் இருக்காது. வெள்ளம் ஏறிவரும்போது எடுக்கும் மாதிரியும் வற்றிப்போகும்போது எடுக்கும் மாதிரியும் ஒரே நீர்மட்டத்தில்கூட ஒன்றாக இராது. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை என்ற நாட்காட்டிக்கு வெளியே, முதல் மழைக்கென்று போத்தல்களைக் கழுவித் தயாராக வைத்திருக்கவேண்டும்.

அடுத்து பெரும்போக (மாரி நெற்போகம்) விதைப்பு. முளைநெல் வீசுகிறவர்கள் சேற்றுழவு முடித்து, மட்டம்பலகை இழுத்து, விதைக்குமுன் வயல் தண்ணீரை வடியவிடுவார்கள். அந்தச் சேற்றுத் தண்ணீர் நல்ல மேல்மண்ணையும் அடிக்கட்டுப் பசளையின் ஒரு பங்கையும் வடிகாலுக்குக் கொண்டுபோகிறது. பொசுபரசு பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டுதான் பயணம்செய்யும் என்பதால், கலங்கலும் மொத்தப் பொசுபரசும் சேர்ந்தே உயரும். பிறகு மேற்கட்டுப் பசளையாக யூரியா வீசும் வாரங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. யூரியா போட்ட கையோடு வடிகாலில் நைத்திரேற்றைத் தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. யூரியா முதலில் சில நாட்களில் அமோனியமாக மாறுகிறது. தண்ணீர் நிற்கும் வயலில் சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லாததால் அதிலே பெரும்பகுதி நைத்திரேற்றாகாமல் அமோனியமாகவே நிற்கும். ஆகவே அந்த வாரங்களில் வடிகாலில் உயர்வது அமோனியா. அமோனியாவைக் கண்டவுடன் மலசலக் கழிவு என்று முடிவுகட்டிவிடக்கூடாது, ஈ.கோலையும் சேர்ந்து உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மாரி உச்சத்தில் நிலத்தடி நீர்மட்டம் மேலே வரும். கிண்ணியா, மூதூர் போன்ற தாழ்ந்த மணற்பாங்கான இடங்களில் மலசலகூடக் குழியின் அடி நிலத்தடி நீரிலேயே மூழ்கிவிடும். குழிநீர் மண்ணில் வடிந்து சுத்தமாக நேரமில்லாமல் நேரே வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. இந்த மாதங்களில் ஆற்றோரக் கிணறுகளையும் சேர்த்துப் பரிசோதிப்பது நல்லது.

மாசி, பங்குனியில் அறுவடைக்கு இரு கிழமை முன்னர் வயலை வடியவிடுவார்கள். வெள்ளம் வடிந்துவரும் வில்லுத் தண்ணீரும் இந்தக் காலத்தில் ஆற்றில் கலக்கும். தேநீர் நிறமாக, ஒட்சிசன் குறைந்து இருக்கும். அது இலை தழை மக்கிய இயற்கையான நிலை. அதற்கு ஆலைகளைக் குற்றம்சொல்ல முடியாது.

கோடை, வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. ஓட்டம் சுருங்க, குழாய் மாசுகள் தலைகாட்டும். நெல் அவிக்கும் ஆலையின் ஊறல் தண்ணீர், சந்தைக் கழிவு, இறைச்சிக் கடைக் கழுவல் போன்றவை எங்கே விழுகின்றன என்று தேட இதைவிட நல்ல காலம் இல்லை. மிதக்கும் களைகளான ஆற்றுவாழையும் சல்வீனியாவும் மூடிக்கிடக்கும் பகுதிகளில் ஒட்சிசன் விழுந்து மீன் செத்து மிதப்பதும், முகத்துவாரத்தால் உப்பு ஏறுவதும் இப்போதுதான்.

எதை அளப்பது, எங்கே சறுக்கும்

ஆற்றங்கரையிலேயே அளந்தாகவேண்டியவை ஐந்து: வெப்பநிலை, பி.எச். (அமில காரத் தன்மை), மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), கரைந்த ஒட்சிசன், கலங்கல். போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால் இவற்றில் பல வழியிலேயே மாறிவிடும்.

மின்கடத்துதிறனே மலிவான, நம்பகமான முதற்கருவி. சென்ரிமீற்றருக்கு மைக்ரோசீமென்ஸ் என்ற அலகில், நல்ல ஆற்றுநீர் சில நூறு காட்டும், கடல்நீர் 50,000 அளவில் நிற்கும். 1413 மைக்ரோசீமென்ஸ் நியமக் கரைசலில் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கருவியைச் சரிபாருங்கள். பி.எச். கருவிக்கு 4, 7, 10 ஆகிய தாங்கற் கரைசல்களில் குறைந்தது இரண்டு வேண்டும். பி.எச். முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பது பரவலான பழக்கம், ஆனால் அது முனையைக் கெடுக்கும். பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில்தான் வைக்கவேண்டும்.

கரைந்த ஒட்சிசனை வாசிப்பதில் ஏமாறும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று வெப்பம். 20 பாகையில் நன்னீர் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் வரை ஒட்சிசனைத் தாங்கும். நம்மூர் 30 பாகையில் 7.5 அளவுதான். குளிர்நாட்டுப் புத்தகத்தில் "8க்கு மேலே நல்ல நீர்" என்று இருப்பதை இங்கே பொருத்தக்கூடாது. நிரம்பல் வீதத்தையும், அதாவது அந்த வெப்பத்தில் தாங்கக்கூடியதில் எத்தனை வீதம் இருக்கிறது என்பதையும், சேர்த்து எழுதவேண்டும். உப்புநீர் இதைவிடக் குறைவாகவே தாங்கும். முகத்துவாரத்தில் கருவியில் உப்பின் அளவைக் கொடுக்காவிட்டால் வாசிப்பு பொய்யாகும். மற்றது நேரம். பாசியும் நீர்த்தாவரமும் பகலில் ஒட்சிசனை விட்டு, இரவில் எடுத்துக்கொள்ளும். ஒரே இடம் விடியற்காலையில் 3, பின்னேரம் மூன்று மணிக்கு 10 என்று காட்டலாம். மேலே உள்ள இடத்தைக் காலை ஆறு மணிக்கும் கீழே உள்ள இடத்தை மத்தியானத்திலும் அளந்துவிட்டு, போகப்போக ஆறு தேறுகிறது என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. அதிலே தேறியது சூரியன்தான். ஒவ்வொரு இடத்தையும் எப்போதும் அதே நேரத்தில் அளக்கவேண்டும், மீனுக்கு ஆபத்தா என்று அறிய விடியற்காலை அளவு கட்டாயம். 5 மில்லிகிராமுக்குக் குறையாதிருப்பது மீனுக்கு நல்லது, 2க்குக் கீழே போனால் பெரும்பாலானவை தாங்கா.

கருவி இல்லாதவர்களுக்கு விங்க்லர் முறை இருக்கிறது. 300 மில்லிலீற்றர்க் கண்ணாடிப் போத்தலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மங்கனீசு சல்பேற்று, காரம் கலந்த அயடைட்டு அசைட்டு, பிறகு சல்பூரிக் அமிலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, 200 மில்லிலீற்றரை எடுத்து 0.025 நோர்மல் சோடியம் தயோசல்பேற்றைத் துளித்துளியாகச் சேர்த்து மாப்பொருள் காட்டியுடன் நியமிப்பார்கள். செலவாகும் ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் ஒட்சிசன். முதலிரண்டு கரைசல்களையும் ஆற்றங்கரையிலேயே சேர்த்துவிட்டால் ஒட்சிசன் பிடிபட்டு நிற்கும், மீதியை ஆய்வுகூடத்தில் செய்யலாம். அமிலத்தைக் கையாளத் தெரிந்த ஆசிரியர் கூட இருக்கவேண்டும்.

ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டியவை: அமோனியா, நைத்திரேற்று, பொசுபேற்று, குளோரைட்டு, ஐந்து நாள் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஒட்சிசன்), ஈ.கோலை. நைத்திரேற்று முடிவு வரும்போது அது நைத்திரேற்றாகவா, நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகவா தரப்பட்டிருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே 4.43 மடங்கு வித்தியாசம். இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 சொல்லும் 50 மில்லிகிராம் எல்லை நைத்திரேற்றாக. நைதரசனாக அது 11.3. இந்த அலகுக் குழப்பத்தால் நல்ல கிணற்றை மூடச்சொன்னதும் நடக்கும், கெட்ட கிணற்றை விட்டுவிட்டதும் நடக்கும்.

அமோனியாவைப் பி.எச்.உடன் சேர்த்தே வாசிக்கவேண்டும். மீனைக் கொல்வது அயனாகாத அமோனியா. 30 பாகை வெப்பத்தில், பி.எச். 7ஆக இருந்தால் மொத்தத்தில் ஒரு வீதத்துக்கும் குறைவுதான் அந்த வடிவில் இருக்கும், 8ஆக இருந்தால் ஏழு எட்டு வீதம், 9ஆக இருந்தால் ஏறத்தாழ பாதி. பாசி நிறைந்த குளத்தில் பின்னேரம் பி.எச். 9ஐத் தொடுவது சாதாரணம். காலையில் பொறுத்துக்கொண்ட அதே அமோனியாவை மீன் பின்னேரம் பொறுக்கமாட்டாது.

ஈயம் போன்ற கன உலோகங்களும் பூச்சிநாசினிகளும் வேறு ஒரு தரம். வயலுக்கு அடிக்கும் எண்ணெயின் எச்சத்தை அளக்கத் தனிக் கருவியும் கரைப்பானால் கழுவிய கண்ணாடிப் போத்தலும் வேண்டும். வசதி இல்லாமல் அதைத் தொடவேண்டாம். மற்ற அளவீடுகளை வைத்து ஊகிக்கவும் வேண்டாம்.

மாதிரி எடுக்கும் முறை

ஓடும் தண்ணீரில், கரையை விட்டு இயன்றவரை நடுவில், மேலோட்டத்தைப் பார்த்தபடி நின்று, மேற்பரப்பிலிருந்து 20 முதல் 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் போத்தலைத் திறந்து நிரப்புங்கள். காலால் கிளப்பிய சேறு பின்னால் போகும்படி நிற்கவேண்டும். சாதாரணப் போத்தலை அதே ஆற்றுநீரால் மூன்றுமுறை அலசியபின் நிரப்பலாம். பற்றீரியாப் போத்தலும் அமிலம் இட்ட போத்தலும் அலசப்படக் கூடாதவை. பொசுபேற்றுக்கான போத்தலைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினால் தூளிலுள்ள பொசுபேற்றே முடிவில் வந்து நிற்கும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் கழுவித் தூய நீரால் அலசவேண்டும்.

எடுத்த கையோடு ஐஸ்பெட்டிக்குள், வெயில் படாமல், 4 பாகையளவில் வையுங்கள். ஈ.கோலைக்கு 6 மணித்தியாலத்துக்குள், எப்படியும் 24 மணித்தியாலத்தைத் தாண்டாமல் சோதனை தொடங்கவேண்டும். வெருகலில் காலையில் எடுத்து, இடையில் வாகனத் தாமதத்தால் மறுநாள் பின்னேரம் கொடுத்த மாதிரிக்கு வரும் இலக்கத்தைப் பதிவில் சேர்க்காமல் விடுவதே நேர்மை. ஒட்சிசன் தேவைச் சோதனைக்கும் இதே அவசரம் உண்டு. கன உலோகங்களுக்கு நைத்திரிக் அமிலம் இட்டு பி.எச். 2க்குக் கீழே இறக்கினால் மாதக்கணக்கில் தாங்கும்.

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாக எடுங்கள். ஒரு போத்தலில் தூய நீரை ஊற்றி, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்புங்கள். அந்த வெற்று மாதிரியில் நைத்திரேற்று வந்தால் பிழை உங்கள் போத்தலிலோ ஆய்வுகூடத்திலோ இருக்கிறது, ஆற்றில் இல்லை.

ஆய்வுகூடத்துக்குப் பணமில்லாத இடத்தில் ஐதரசன் சல்பைட்டுக் குப்பி உதவும். தண்ணீரை ஊற்றி அறை வெப்பத்தில் வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் 24 முதல் 48 மணித்தியாலத்தில் கறுக்கும். கறுத்தது என்றால் சந்தேகம் உண்டு என்றே கொள்ளவேண்டும். சதுப்புச் சேற்று நீரில் இயற்கையாகவே சல்பைட்டு இருந்தாலும் குப்பி கறுக்கும்.

ஓட்டத்தை அளக்காமல் மாதிரி எடுக்கவேண்டாம்

பெரிய ஆற்றுக்கு நீர்ப்பாசனத் திணைக்களப் பதிவைப் பயன்படுத்தலாம். வடிகாலையும் சிற்றாற்றையும் நீங்களே அளக்கலாம். நேராக ஓடும் 10 மீற்றர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறியுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய சிறு போத்தலை மேலே விட்டு அது கடக்கும் செக்கன்களை எண்ணுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். மேற்பரப்புத் தண்ணீர் அடித் தண்ணீரைவிட வேகமாக ஓடுவதால் வேகத்தை 0.85ஆல் பெருக்கவேண்டும். அகலத்தை நாலைந்து துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஆழம் பார்த்தால் குறுக்குப் பரப்பு கிடைக்கும்.

3 மீற்றர் அகலம், சராசரி 0.4 மீற்றர் ஆழமுள்ள ஒரு வயல் வடிகால். போத்தல் 10 மீற்றரை 25 செக்கனில் கடக்கிறது. வேகம் 0.4, திருத்தியபின் 0.34. பரப்பு 1.2 சதுர மீற்றர். ஓட்டம் செக்கனுக்கு 0.408 கன மீற்றர். அதிலே அமோனியா நைதரசன் 1.5 மில்லிகிராம் இருந்தால் நாளுக்கு 53 கிலோ நைதரசன் போகிறது. யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஆகவே அந்த வடிகால் நாளொன்றுக்கு 115 கிலோ யூரியாவுக்குச் சமமானதை, அதாவது ஐம்பது கிலோ மூடை இரண்டுக்கும் மேலாக, குடாவுக்குக் கொண்டுபோகிறது. கமக்காரர் கூட்டத்தில் லீற்றருக்கு மில்லிகிராம் என்று பேசினால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். மூடைக் கணக்கில் சொன்னால் வக்கடையை (வரப்பில் தண்ணீர் வெளியேறும் வாயை) எப்போது அடைப்பது என்ற பேச்சு தானாக வரும். யூரியா போட்டபின் சில நாட்கள் வக்கடையை அடைத்து வைத்தாலே இந்த இழப்பில் பெரும்பங்கைத் தடுக்கலாம்.

முகத்துவாரத்துக்கு வேறு விதி

உப்பாறு, இறால்குழி, கங்கைப் பாலப் பகுதிகளில் கடலின் கை நீண்டிருக்கும். நம் கடலில் வற்று பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கோடையில் ஆறு மெலிந்தபோது அந்தச் சிறு ஏற்றமும் போதும். உப்புநீர் கனமானது, ஆகவே ஆப்புப்போல அடியால் உள்ளே நுழையும். மேலே மொண்ட தண்ணீர் 400 மைக்ரோசீமென்ஸ் காட்டும், அதே இடத்தில் அடியில் 20,000 இருக்கும். கருவியின் முனையை ஒரு கல்லோடு கட்டி அரை மீற்றருக்கு அரை மீற்றர் இறக்கி வாசித்தால் உப்பு தொடங்கும் ஆழம் திடீரென்று தெரியும்.

ஆற்றுநீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே குளோரைட்டு 190 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீர் நியமத்தின் எல்லை 250. பாசனத்துக்கு 700 மைக்ரோசீமென்ஸ் வரை தடையில்லை, 3,000ஐத் தாண்டினால் கடுமையான பாதிப்பு என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டி. உப்பு கடலிலிருந்து வந்ததா கழிவிலிருந்து வந்ததா என்று பிரிக்கச் சோடியத்தையும் குளோரைட்டையும் பாருங்கள். கடல்நீரில் சோடியத்தின் நிறை குளோரைட்டின் நிறையில் 0.56 பங்கு. அந்த விகிதத்தில் நின்று, அமோனியாவும் ஈ.கோலையும் குறைவாக இருந்தால் அது கடல். ஆற்றில் மணல் அகழ்ந்து படுகை தாழ்ந்த இடங்களில் உப்பு முன்னைவிட உள்ளே ஏறும், ஆகவே படுகையின் ஆழத்தையும் வருடத்துக்கு ஒருமுறை பதிவுசெய்வது பயன் தரும்.

கழிவை இரசாயனத்தால் ஒட்சியேற்றி அளக்கும் இரசாயன ஒட்சிசன் தேவைச் சோதனையை இங்கே தவிருங்கள். குளோரைட்டும் அந்தச் சோதனையில் ஒட்சியேற்றப்படுவதால் இல்லாத மாசு இருப்பதாக முடிவு வரும்.

மூலத்தைத் தேடும்போது

தனி இலக்கத்தைவிட, எவை சேர்ந்து உயர்கின்றன என்பதே மூலத்தைச் சொல்லும். அமோனியா, ஈ.கோலை, குளோரைட்டு மூன்றும் சேர்ந்து உயர்ந்தால் அண்மையில் கலந்த மலசலக் கழிவு. அமோனியா குறைந்து நைத்திரேற்று கூடியிருந்தால் கழிவு மண்ணுக்குள்ளால் வடிந்து பழசாகி வந்திருக்கிறது. கலங்கலும் மொத்தப் பொசுபரசும் மட்டும் உயர்ந்தால் மண்ணரிப்பு. ஈ.கோலை மழைநாளில் மட்டும் எகிறினால் மேய்ச்சல் தரை, கோடையிலும் குறையாமல் நின்றால் குழாய் அல்லது மாடு ஆற்றுக்குள்ளேயே இறங்கிக் கிடக்கும் இடம். ஒட்சிசன் தேவை உயர்ந்து ஈ.கோலை உயராவிட்டால் நெல் ஆலை ஊறல் போன்ற தாவரக் கழிவைச் சந்தேகிக்கலாம்.

சந்தேகத்துக்குரிய இடத்துக்கு மேலே ஒன்று, வாய்க்காலிலேயே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று மாதிரி எடுக்கவேண்டும். கீழே உள்ள மாதிரியைத் தண்ணீர் முழுதாகக் கலந்த இடத்தில் எடுப்பது முக்கியம். வாய்க்கால் நீர் வெகுதூரம் ஒரு கரையை ஒட்டியே ஓடும். ஆற்றின் குறுக்கே நாலைந்து இடத்தில் மின்கடத்துதிறனை வாசித்து எல்லாம் ஒன்றானபின்தான் கலந்தது என்று கொள்ளலாம். மேலே 8 கன மீற்றர் ஓட்டத்தில் அமோனியா நைதரசன் 0.4 மில்லிகிராம், முன்சொன்ன வடிகால் 0.408 கன மீற்றரில் 1.5 மில்லிகிராம் என்றால், கீழே 0.45 வரவேண்டும். 0.9 வந்தால் இடையில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வழி இருக்கிறது. கரையோரமாக நடந்து, புதருக்குள் குழாய், கரையில் கறுத்த ஈரம், சாம்பல் நிற வழுவழுப்பான படலம், ஓரிடத்தில் மட்டும் செழித்த ஆற்றுவாழை ஆகியவற்றைத் தேடுங்கள்.

முடிவுகளை நீர்த்தரச் சுட்டெண் என்று ஒரே இலக்கமாகச் சுருக்கும் வழக்கம் உண்டு. வருடத்துக்கு வருடம் ஒப்பிட அது உதவும். ஆனால் எட்டு அளவீடுகள் நன்றாக இருந்து ஈ.கோலை மட்டும் பயங்கரமாக இருந்தால் சராசரி அதை மறைத்துவிடும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் ஆற்றுநீரைக் குடிநீர் மூலம், குளிப்பு, நீர்வாழ் உயிரினம், பாசனம் எனப் பயன்பாட்டுக்கேற்ற வகுப்புகளாகப் பிரித்திருக்கின்றன. ஒவ்வொரு அளவீட்டையும் அந்தந்தப் பயன்பாட்டின் எல்லையோடு தனித்தனியாக ஒப்பிடுவது பாதுகாப்பானது. ஒரு வருடம் தொடக்கம்தான், பெருமழை ஆண்டும் வரட்சி ஆண்டும் ஒன்றாக இராததால் மூன்று வருடமாவது வேண்டும்.

ஓர் இடத்தில் குழாய் மாசு என்று உறுதியாகத் தோன்றினால், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ பிரதேச சபைக்கோ எழுதுமுன் கோடையில் அதே இடத்தை வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். சில கழிவுகள் விடியற்காலையில் மட்டும் திறந்துவிடப்படும், சில ஆலை இயங்கும் நாளில் மட்டும். ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், ஓட்டம், முதல்நாள் மழை, மணம், நிறம், புகைப்படம், மாதிரி எடுத்தவரின் கையொப்பம் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதி, முடிந்தால் மாதிரியின் ஒரு பங்கை முத்திரையிட்டுக் குளிரூட்டியில் வையுங்கள். அதிகாரிகள் வந்து தாங்களே அளக்கும்போது, எந்த நாளில் எந்த மணிக்கு வரவேண்டும் என்பதை அந்தத் தாளிலிருந்து சொல்லலாம்.